படுத்தபடியே பினாங்கு போகிறவர்

தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் போய்வந்தேன் என்றதும் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பெரிய கோயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்ப்பதற்காகப் போகவும் இல்லை. பினாங்கிலிருந்து கப்பலேறி நான் போனது என் வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வர. ஊர்ப் பெயரை மட்டும் எழுதாதே என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், வழக்கு இன்னும் முடியவில்லை. கூத்தாநல்லூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டிய ஊர். அது போதும்.

அவர் அங்கே போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் ஊரில் காலமாகிவிட்டார். மிராசுதார் நிலத்தில் அரை வேலி குத்தகை சாகுபடி அண்ணன் பேரில் இருந்தது. புது ஆட்சி வந்ததிலிருந்து குத்தகைக்காரனைச் சும்மா கிளப்பிவிட முடியாது என்று சட்டம் பேசுகிறார்கள். ஆனால் அவனோ அவன் குடும்பத்து ஆளோ தானே நிலத்தில் நின்று பாடுபட வேண்டும். ஒரு போகம் ஆள் இல்லை என்றால் போச்சு. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கும் இல்லை. 'ஆறு மாசம் கமலா, அண்ணிக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துடறேன்' என்று கிடங்கு குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுப் போனவர்தான். அவர் கையில் ஒரு காகிதமும் கிடையாது. அவர் உடம்பு அந்த வயலில் நிற்பதுதான் ஒரே அத்தாட்சி.

இனிமேல்தான் விஷயமே. என் வீட்டுக்காரர் சாமி கும்பிடாதவர். நான் கோயிலுக்குப் போனால் எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆனால் சூட்சும சரீரம் என்றால் நம்புவார். அது விஞ்ஞானமாம்! யாரோ ஒரு வெள்ளைக்காரர் தபாலில் அனுப்பிய பாடங்களைப் படித்து, உடம்பைப் படுக்கவைத்துவிட்டு உயிர் மட்டும் வெளியே கிளம்பிப் போகும் வித்தையைப் பழகிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போன மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. 'உடம்பை இங்கிருந்து நகர்த்த முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஆறு மணிக்கு, இங்கே நாலு மணிக்கு, நான் உயிராக மட்டும் வருகிறேன். ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திரு.'

நானும் உட்கார்ந்தேன். படித்தவள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காலி அறையில் உட்கார்ந்தேன். வந்தாரா என்று கேட்காதீர்கள். ஒரு தடவை ஜன்னல் திரை ஆடியது. காற்றுதான், எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

டிசம்பர் லீவு விட்டதும் கிளம்பிவிட்டேன்.

*

முதல் நாள் முழுக்க பஸ்ஸோடு மல்லுக்கட்டு. வழியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் இறங்கி நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தார், பயணிகள் அவர் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். ஆளுக்கொரு தூக்குச்சட்டியைக் கழுவித் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினார்கள். பினாங்கில் இப்படி நடந்தால் அடுத்த பஸ்ஸுக்குச் சீட்டை மாற்றிக்கொடு என்று கத்தியிருப்போம். இங்கே ஓர் அம்மாள் ஊற்றிவிட்டு வந்து, "வண்டிக்கும் தாகம் எடுக்குமில்ல" என்று பாவமாகச் சொன்னாள்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. இந்தத் தடவை செங்கொடி ஊர்வலம். அறுவடைக்கு முன்னால் கூலிப் பேச்சு முடிய வேண்டும் என்று விவசாயத் தொழிலாளிகள் சேற்றுக் காலோடு சாலை நிறைய நடந்தார்கள். கண்டக்டர் கதவில் சாய்ந்து, "போவட்டும் போவட்டும், நமக்கென்ன கோர்ட்டா ஆபீஸா" என்றார். இரண்டு பக்கமும் பால் பிடித்த சம்பாக் கதிர். இவ்வளவு பச்சையை நான் எங்கள் ரப்பர்க் காடுகளில்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பச்சையின் மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் புருஷனைப் பிடித்து வைத்திருப்பது இதுதானே!

கூத்தாநல்லூரில் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். ஜவுளிக்கடை வாசலில் நின்று நேரம் கேட்டேன். என் பேச்சு இரண்டு வார்த்தை காதில் விழுந்ததுமே கடைக்காரர் எழுந்துவிட்டார். தாடி நரைத்த மனிதர்.

"அப்பா காபார்? பினாங்கா, ஈப்போவா?" என்று மலாயில் நலம் விசாரித்தார்.

"பினாங்குதான் பாய்."

"உக்காருங்கம்மா, உக்காருங்க. பதினோரு வருஷம் அங்க கடை வச்சிருந்தேன். சூலியா தெருவுல மழை பேஞ்சா இன்னும் முழங்கா தண்ணி நிக்குதா?"

"நிக்குது பாய்."

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்! ரவையும் முட்டையும் நெய்யுமாகச் சுட்ட தம்ரூட் துண்டு ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். நான் சாப்பிடுகிற வரைக்கும் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டது எல்லாம் பழைய கடைகள். பாதி இடிந்துபோய்விட்டது. நான் ஒன்றையும் இடிக்க மனசில்லாமல் எல்லாம் இருக்கிறது என்றே சொல்லிவைத்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தேன். என் ஓரகத்தி தங்கம் அக்கா வாசலுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் வயலிலிருந்து வந்தார். இளைத்துக் கறுத்து, முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார். கடைத்தெருவுக்குப் போய்வந்தவளைக் கேட்கிற மாதிரி! இரண்டு வருஷம்! கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வயல் நண்டை இடித்து ரசம் வைத்திருந்தாள், கெளுத்தி மீன் குழம்பும். ருசியென்றால் அப்படி ஒரு ருசி. நான்தான் இலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

மறுநாள் உச்சிப்பொழுதில் அவரைக் காணவில்லை. அக்காவைக் கேட்டேன்.

"பினாங்கு போயிருக்காரு" என்றாள், அரிசி களைந்துகொண்டே.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் சொல்றேன். களத்துமேட்டுக் கொட்டாயில போயி பாரு. சாமி இல்லம்பாரு, பூதம் இல்லம்பாரு, படுத்துக்கிட்டே மட்டும் பறப்பாராம்! மொதல்ல வாரத்துல ஒரு நாளுதான். இப்ப தெனம். திரும்பி வந்தாலும் பாதி ஆளாத்தான் இருக்காரு."

போய்ப் பார்த்தேன். கீற்றுக் கொட்டகையில் வைக்கோல் பரப்பி மல்லாந்து படுத்திருந்தார். கண்மேல் துண்டு. மூச்சு விடுகிறாரா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தொடக் கூடாது, தொட்டால் தொப்புளிலிருந்து போகிற வெள்ளி நூல் அறுந்துவிடும் என்று முன்பே எனக்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துண்டை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். முகத்தில் அவ்வளவு தெளிவு.

"கமலா! இப்பத்தான் உன்னைப் பாத்துட்டு வரேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "நான் இங்க உக்காந்திருக்கேன். நீங்க அங்க போயி யாரப் பாத்தீங்க?"

"நம்ம வீட்டைப் பாத்தேன்" என்றார். "நாற்காலி ஜன்னல்கிட்டதான் இருக்கு. கடிகாரம் அஞ்சு நிமிஷம் முந்திப் போகுது. நீ அடுப்படியில முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற. ரொம்ப அமைதியா இருந்துது."

என்னத்தைச் சொல்வது? அந்த வீட்டை நான் காலி பண்ணி எட்டு மாதம் ஆகிறது. ஒற்றை ஆளுக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு, வாடகையும் ஏறிவிட்டது. வேறு இடத்தில் ஒரு மாடி அறைக்கு மாறிவிட்டேன். கடிதங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு வருவதால் அவருக்குத் தெரியாது. எழுதினால் துடித்துப்போவார் என்று எழுதவில்லை. அங்கே இப்போது ஒரு சீனத் தச்சர் குடும்பத்தோடு இருக்கிறார். நாற்காலியை விற்றுவிட்டேன். நான் வெள்ளிக்கிழமை உட்காருவதும் அதோடு நின்றுபோனது.

அப்படியென்றால் தினமும் இந்த மனிதர் போய்ப் பார்த்துவிட்டு வருவது எந்த வீட்டை?

அன்றைக்குச் சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து எப்படிப் போகிறது என்று அவரே விளக்கினார். முதலில் உடம்பு கனத்து மரத்துப்போகும். காதில் வண்டு இரைகிற சத்தம். பிறகு கூரைக்குக் கீழே மிதந்துகொண்டு தன் உடம்பைத் தானே பார்க்கலாம். நினைத்தால் போதும், கடலைத் தாண்டியாயிற்று. யாரும் அவரைப் பார்க்க முடியாது. அவர் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எதையும் தொட முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும்.

"அதுல என்னங்க சந்தோஷம்?" என்றேன்.

"அங்க எதுவும் மாறலையே கமலா" என்றார்.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல முடியவில்லை. அவருக்கு அந்த ஓர் இடம்தான் இருக்கிறது என்று பட்டது.

*

மூன்றாம் நாள் காலை, பழையசோற்றுக்குக் கொத்தவரை வற்றல் பொரித்துக்கொண்டே தங்கம் அக்கா போன அறுவடையின் கதையைச் சொன்னாள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி இவர் வயலை அறுக்க விட்டாராம். சேரித் தெருவிலிருந்து வீரையன் என்பவர் பத்துப் பேரோடு வந்து கதிரின் குறுக்கே படுத்துக்கொண்டாராம். அடிதடி. ஒருவனுக்கு மண்டை உடைந்து இவர் மடியிலேயே ரத்தமாகக் கிடந்திருக்கிறான். பிழைத்துவிட்டான். ஆனால் இவர் அன்றைக்கு வயலுக்குள் குந்தியவர், பொழுது போனபிறகுதான் எழுந்து வந்தாராம்.

"அன்னிக்கே உசிரு பயந்து வெளிய போயி நின்னுக்கிச்சு. நான் சொல்றேன். வீரையந்தான் உடுக்கை அடிச்சு உசிரு கூப்புடுவான். அவனக் கேப்போம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வர்ற வெள்ளிக்கிழமை தாசில்தாரு நேர்ல வர்றாரு, யாரு சாகுபடியில இருக்கான்னு பாக்க. அன்னிக்கு இவரு பினாங்குல இருந்தா என் கதி என்ன?"

வெள்ளிக்கிழமைதான் எனக்கும் நாகப்பட்டினத்தில் கப்பல். அவரைக் கூட்டிப்போக வந்தவள் நான். அவர் இங்கே நின்றால்தான் அக்காவுக்குச் சோறு. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

உயிர் கூப்பிடுவது எனக்குப் புதிதில்லை. எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரக் குழந்தை ஆற்றில் விழுந்து எழுந்தபின் பேச்சற்றுப்போனபோது, போமோ என்கிற மலாய் மந்திரவாதி வந்து பறையடித்து அதன் 'செமாங்காட்' என்கிற உயிரைத் திரும்பக் கூட்டிவந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் அந்தக் குழந்தை வடை கேட்டது.

வீரையனை அன்றைக்கே வாய்க்கால் கரையில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். மடை திருப்பிக்கொண்டிருந்தார். "அண்ணே" என்று கூப்பிட்டதும் யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.

"உயிர் கூப்பிட எப்படிப் போவீங்க அண்ணே? உடம்பை விட்டு வெளியே வந்துடுவீங்களா?"

"ஒடம்ப உட்டுட்டா அப்பறம் யாரு நடக்கறது டீச்சரம்மா? நடந்துதான் போவணும். போயிட்டு வந்தா ரெண்டு நாளு கால் கடுக்குது." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "வாய்க்காலோட போவேன். மதகுக்கு மதகு ஒரு காவக்காரன் நிப்பான். கேக்கணும். உட மாட்டேன்னா சண்டை போடணும், கெஞ்சணும், ஏதாச்சும் தரேன்னு ஏத்துக்கணும். ஒடுக்கை நின்னா வழி நின்னுடும். பக்கத்துல ஒரு ஆளு தோளுல கைய வச்சிக்கிட்டு 'ஆமா ஆமா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா திரும்ப முடியாது."

"உங்களுக்காகப் போயிருக்கீங்களா? சும்மா, எதையாவது பார்க்கணும்னு?"

"எனக்காவயா?" சிரித்துவிட்டார். "எனக்கென்ன வேல அங்க? யாராச்சும் கூப்புட்டாத்தான் போறது. சின்னவரு எப்புடிப் போறாராம்?"

என் வீட்டுக்காரர் விளக்கிய வெள்ளி நூல், கூரை, கடல் எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேலி செய்யவில்லை.

"யாருகிட்டயும் கேக்காம போறாரு. யாருகிட்டயும் பேசாம வர்றாரு. அப்ப அங்க யாரு இருக்கா, யாரு இல்லன்னு எப்புடி அவருக்குத் தெரியும்?"

இந்த மனிதரிடம் நான் வீட்டைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

*

புதன்கிழமை உச்சிப்பொழுதுக்கு ஏற்பாடாயிற்று. என் வீட்டுக்காரர் முதலில் குதித்தார். "பகுத்தறிவு பேசற ஆட்சி நடக்குது, என் வீட்டுல உடுக்கையா?" என்றார். "நீங்க செய்யறது மட்டும் என்னவாம்?" என்று கேட்டேன். "அது விஞ்ஞானம்." "அப்ப விஞ்ஞானி வந்து வேடிக்கை பாருங்க." வந்தார். மதகடியில் புங்கமரத்து நிழலில், கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரையும் விட்டு ஐந்தடி தள்ளி உட்கார்ந்தார்.

வீரையன் தண்ணீர் கேட்டார். அக்கா செம்பைத் தூக்கி அவர் கையில் ஊற்றினாள். உயிரை மீட்டுத் தா என்று அழுகிறவள், செம்பை மட்டும் கொடுக்க மாட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வீரையன் பழகினவர்போலக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தோளுல கை வைக்கப் போறது யாரு?"

"நான்" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வைத்தேன்.

"ஆத்து வரைக்கும், கடல் வாய் வரைக்கும் எனக்குத் தெரியும் டீச்சரம்மா. கடலுக்கு அப்பால நீங்கதான் வழி சொல்லணும்."

உடுக்கை ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் போவது கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் போவது. இது அப்படியில்லை. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரு மாடு எங்களைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டு நிற்க, வீரையன் கண்ணைத் திறந்தபடியே, வியர்த்து வழியப் போனார். ஒவ்வொரு மதகிலும் நின்று யாரோடோ வாக்குவாதம் செய்தார். ஓரிடத்தில் அசிங்கமாகத் திட்டினார், பெண்கள் சிரித்தார்கள். என் கைக்கடியில் அவர் தோள் குதிரைத் தோள் மாதிரி துடித்தது. நான் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"கடல் வந்துட்டுது. சொல்லு தாயி."

சொன்னேன். நீலத்துக்கப்பால் நீலம். பிறகு ஒரு மலை. மலையடியில் துறைமுகம், பாதிரிமார் பள்ளிக்கூடம், மணிக்கூண்டு. கிடங்குகளைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் பன்றி இறைச்சி தொங்குகிற சீனக் கடை. அதை ஒட்டி எங்கள் சந்து. மூன்றாவது வீடு. மூன்று படி. படி வரைக்கும் சொன்னேன். அதற்கப்புறம் என் குரல் வரவில்லை.

உடுக்கை மெதுவாகிவிட்டது. வீரையன் எதையோ எட்டிப் பார்ப்பதுபோலக் கழுத்தை நீட்டினார்.

"சின்னவரு நிக்கிறாரு" என்றார். "வாசல்ல நிக்கிறாரு. உள்ள வேற ஆளுவ இருக்காவ. புள்ளைவ ஓடுது. வெளக்கு நம்ம வெளக்கு இல்ல. அவரக் கேக்கறேன், ஏன் இங்க நிக்கிறீயன்னு. வீட்டம்மா வருவாங்கறாரு. அவ இங்க இல்லய்யா, வாய்யாங்கறேன். நவுர மாட்டேங்கறாரு."

நான் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பலமுறை யோசித்துவிட்டேன். படியிலே என் குரல் நின்றதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். இரண்டு வருஷம் ஒற்றையாக இருக்கிறவள் வீட்டை என்ன செய்திருப்பாள் என்று யாரும் ஊகிக்கலாம். போய்ப் பார்த்தும் இருக்கலாம். இரண்டு வித்தைகளில் எது நிஜம் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எனக்குத் தெரியாது. ஒருவர் தன் ஆசைக்குப் போனார், பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்துவிட்டு வந்தார். இன்னொருவர் அடுத்தவருக்காகப் போனார், ஆட்களை விசாரித்துவிட்டு வந்தார்.

உடுக்கை நின்றது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். ஊருக்கு நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை, என் முகத்தை, நேராகப் பார்த்தார்.

"வீட்டை விட்டுட்டியா கமலா?"

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"எட்டு மாசம் ஆச்சு."

"நேத்துகூடப் போனேனே" என்றார். "அப்ப நான் எங்கதான் போயிட்டு வந்தேன்?"

அத்தனை பேருக்கு முன்னால் அவர் விசும்பி அழுததை நான் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. எழுதத்தான் போகிறேன். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கைத் துண்டால் சிந்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வீரையன் மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டார். கால் கடுக்கிறது என்று முனகினார்.

*

வியாழக்கிழமை அவர் களத்துமேட்டுப் பக்கம் போகவில்லை. என்னோடே இருந்தார். சண்டை போட்டார். அதுவே எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஏன் எழுதவில்லை, யாரைக் கேட்டு நாற்காலியை விற்றாய், கடிகாரத்தை யாருக்குக் கொடுத்தாய் என்று வரப்பு வரப்பாக வந்து கேட்டார். நானும் விடவில்லை. ஆறு மாசம் என்றீர்களே, அது என்ன கணக்கு என்றேன். கத்திக் களைத்து இரண்டு பேரும் மடையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கை சொரசொரப்பாகிவிட்டிருந்தது. பேனா பிடித்த கை.

"நாளைக்குத் தாசில்தார் நம்ம பக்கம் எழுதிட்டா?" என்றேன்.

"அறுவடை வரைக்கும் நான் நிக்கணும். அப்பறம் குறுவைச் சாகுபடி. அப்பறமும் நிக்கத்தான் வேணும்."

"அவங்க பக்கம் எழுதிட்டா?"

"அண்ணியையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது போகணும். பினாங்குக்கு வர அவங்களுக்கு அனுமதிச் சீட்டுத் தர மாட்டாங்க."

என் மனசில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தாசில்தார் மிராசுதார் பக்கமே எழுதிவிடட்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். தலையை நிமிர்த்தினால் அக்கா எங்களுக்காகச் சுட்ட பனங்கிழங்கைச் சேலையில் மூடிக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் போனபிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப இருக்கற ரூம் எப்படி இருக்கும்?"

"ஏன்?"

"எந்தத் தெரு, எத்தனாவது மாடின்னு சொன்னா... இடம் தெரிஞ்சாத்தானே வர முடியும்."

"சொல்ல மாட்டேன்."

"கமலா."

"சொல்லவே மாட்டேன். பார்க்கணும்னா கால்ல நடந்து கப்பலேறி வாங்க. படுத்துக்கிட்டு வர்ற ஆளுக்கு நான் கதவு திறக்கறதா இல்லை."

அவர் அப்புறம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை நினைத்தேன், சொல்லவில்லை. வீம்பு.

*

வெள்ளிக்கிழமை காலை அவர் என்னை வழியனுப்ப வர முடியாது. அதிகாரி எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாதாம், இடம் விட்டு நகரக் கூடாதாம். வீட்டு வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டோம். "உடம்பைப் பாத்துக்க" என்றார். உடம்பு! நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

பஸ் வாய்க்கால் கரையோடு வந்து எங்கள் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே சாலையை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப் நின்றது. பஸ் ஊர்ந்தது. வரப்பில் தாசில்தார், கணக்குப்பிள்ளை, மிராசுதாரின் கார்யஸ்தர். தள்ளி வீரையனும் இன்னும் நாலைந்து பேரும். வயலுக்கு நட்டநடுவில், இடுப்பளவு கதிருக்குள், என் வீட்டுக்காரர் நின்றார். கால் இரண்டையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு, தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தாசில்தார் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இவர் பஸ்ஸைப் பார்த்தார். பார்த்தவர் அசையவில்லை. அசையக் கூடாதே.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம்!" என்று கத்தினேன். "தையல்கடைச் சந்து! பச்சைக் கதவு! மாடிப்படி ஏறினா இடது கைப்பக்கம்! இடது பக்கம்! தட்டுங்க, தொறக்கறேன்!"

வரப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று தலையை ஆட்டினார். காதில் விழுந்தது என்று ஆட்டினாரா, விழவில்லை என்று ஆட்டினாரா தெரியவில்லை. ஜீப் ஒதுங்கியது, பஸ் வேகம் பிடித்தது.

பக்கத்து இருக்கையில் மீன்கூடையோடு இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கும்மா அட்ரஸ் சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரருக்கு."

"எப்ப வராராம்?"

"அவரால வர முடியாதும்மா. நிலத்தை விட்டு நகர முடியாது."

"பின்ன எதுக்கு இப்புடித் தொண்ட கிழிய கத்துனீங்க?"

தொண்டை நாகப்பட்டினம் போய்ச் சேருகிற வரைக்கும் வலித்தது.